சுவரேறிப் போன ராணிகள்

கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிய பிறகுதான் எனக்குப் பொழுது போகாமல் போனது. அதுவரை மங்கலான உலகத்தோடு நான் சமாதானமாகத்தான் இருந்தேன். இப்போது எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் தலைத்துணி என்ன நிறம் என்பது வரை தெரிகிறது. சேரம்பாடி மழை கம்பி கம்பியாகத் தெரிகிறது. மருமகள் சட்டியை எப்படித் தேய்த்திருக்கிறாள் என்பதும் தெரிகிறது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு சும்மா சுவரைப் பார்த்து உட்கார எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசித் தடவை கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கூடலூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒருவர் தார்ப்பாயை விரித்துப் பழைய புத்தகங்களைப் பரப்பியிருந்தார். அதில் ஒன்று நல்ல தடி. அட்டையில் ஒரு ராணி. அவள் மூக்கில் என் அம்மா போட்டிருந்த மாதிரியே எட்டுக்கல் பேசரி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

கூட வந்த மகன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது சரித்திரம்மா. ராஜாக்களோட பொண்டாட்டிங்களைப் பத்தி எழுதியிருக்கு. உனக்கு எதுக்கு?"

"எத்தனை பொண்டாட்டியாம்?"

"ஒவ்வொரு ராஜாவுக்கும் ஏழெட்டு, பத்துன்னு போகுது."

"அப்ப எடு. நமக்கு வேண்டிய விஷயம்தான்."

அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்காரருக்கும் இரண்டு பேர். நான் மூத்தவள்.

எங்கள் வீட்டுக்காரர் ராஜா இல்லை. தோட்டத்து ஃபேக்டரியில் பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற வேலை அவருக்கு. நாங்கள் சிலோன்காரர்கள், கப்பலேறி வந்து, அரசாங்கத் தோட்டத்தில் வேலையும் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவும் கிடைத்துக் குடியேறினவர்கள். வந்து சில வருஷம் கழித்து, தோட்டத்தில் வேலை குறைந்த ஒரு மாசத்தில், கூடலூரை ஒட்டின ஸ்ரீமதுரைப் பக்கம் நெல் அறுக்கப் போனார். ஒரு மூட்டை நெல்லோடும் ஒரு பெண்ணோடும் திரும்பி வந்தார். நெல்லை வாசலில் இறக்கினார். அவளை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். நான் நெல்லை மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன்.

அப்புறம் அவளுக்கும் தோட்டத்தில் பேர் பதிந்து, பக்கத்துக் காம்பராவே கிடைத்தது. நடுவில் ஒரு சுவர். அவர் நியாயஸ்தர். காலையில் என் வீட்டில் ஒரு பிளேன்டீ குடிப்பார், உடனே போய் அவள் வீட்டில் ஒரு பிளேன்டீ குடிப்பார். கடைசிவரை வயிற்றெரிச்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த டீயால் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

நானும் இளையவளும் பேசாமல் இருந்ததில்லை. பார்த்துப் பேசினதில்லை, அவ்வளவுதான். மலையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை. நிரை என்றால் ஒருத்தி எடுக்க வேண்டிய செடி வரிசை. கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும், வாய் செடியிடம் பேசும். "ஏ செடியே, இன்னைக்கு மத்தி மீன் வந்துச்சாம். யாராச்சும் வாங்கினாங்களா?" என்று நான் என் செடியைக் கேட்பேன். "செடியே, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கியாச்சுன்னு சொல்லு" என்று அவள் தன் செடியிடம் சொல்வாள். எங்கள் இரண்டு பேர் விஷயமும் அந்தத் தேயிலைக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருத்தி தன் நிரையை முதலில் முடித்துவிட்டால் சும்மா நிற்க மாட்டாள். பக்கத்து நிரையின் மேல் முனையிலிருந்து கீழ்நோக்கி எடுத்துக்கொண்டு எதிரே வருவாள். பின்தங்கினவள் கீழேயிருந்து மேலே வருவாள். இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொள்வார்கள். கை கொடு என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்ததற்கு யாரும் எதுவும் சொல்வதுமில்லை. மலையில் அப்படித்தான். எனக்கும் அவளுக்கும் கோபம் உச்சியில் இருந்த காலத்தில்கூட அந்த வழக்கம் நின்றதில்லை.

அவர் போன பிறகு சண்டைக்குக் காரணமே இல்லாமல் போயிருக்க வேண்டும். ஆனால் மாலை போட்ட போட்டோ யார் வீட்டில் மாட்டுவது என்று வந்தது. நான் மூத்தவள், என் வீட்டில்தான் என்றேன். அவள் அவருடைய வேலைக் கார்டில் இருந்த படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டாள். என் வீட்டில் அவர் வேட்டி சட்டையோடு சிரிக்கிறார். அவள் வீட்டில் ஃபேக்டரி மேஸ்திரி திட்டின மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் அவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவள் ரிட்டயர் ஆன பிறகு அவள் மகள்தான் தோட்டத்தில் வேலை பார்த்தாள். அந்த வேலையால்தான் காம்பரா அவர்களிடம் இருந்தது. மகள் கல்யாணமாகித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். வேலைக்கு ஆள் இல்லை என்றால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது தோட்டத்து முறை. சாவி கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. மகள், "அம்மா, திருப்பூருக்கு வந்துடு" என்றாள். ஒரே அறை, மூணாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். இவள் போகவும் மனசில்லாமல், போகாமல் இருக்கவும் வழியில்லாமல் இருந்தாள்.

என் மகன் ஃபேக்டரியில் வேலையாக இருப்பதால் என் காம்பரா எங்களுக்கு இருக்கிறது. பின்னால் ஒரு அறை எடுத்துக் கட்டியிருக்கிறோம். நான் இருக்கிற அறையில் இன்னொரு கட்டில் போட இடமும் இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா, சின்னம்மாவை நீ ஒரு வார்த்தை கூப்பிட்டா போதும்" என்றான் மகன்.

"அவ கேக்கட்டும்."

"அவங்க உன்னை மாதிரியேதான் சொல்றாங்க. மூத்தவங்க கூப்பிடட்டும்ங்கிறாங்க."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி. ஒரே வீட்ல இருந்தா ஒத்துக்காது."

வாய்தான் அப்படிச் சொன்னது. அவள் போய்விட்டால் அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருமுவார்கள், யார் காலையில் குழாயடியில் வாளியை அந்த மாதிரி டங்கென்று வைப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வா என்று சொல்ல நாக்கு வளைய வேண்டுமே. நான் மூத்தவள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது.

நான் சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அதோடு கூடையை மாட்டிவிட்டார்கள். எழுத்து தெரியும், கூட்டிக் கூட்டி வார்த்தை ஆக்குவேன். ஆனால் சத்தம் போட்டால்தான் எனக்குப் படிப்பு வரும். வாயை மூடிக்கொண்டு படிக்கிறார்களே, அந்த வித்தை எனக்கு இன்றைக்கும் வரவில்லை. காது கேட்டால்தான் கண் பார்த்தது புத்தியில் ஏறும். ஆகவே மத்தியானம் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மழைச் சத்தத்துக்கு மேலே என் சத்தத்தை வைத்து, "அ-ர-ச-னி-ன்... அரசனின்... ப-ட்-ட-த்-து... பட்டத்து..." என்று ஆரம்பித்தேன்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் வெறும் இடம். அந்த வழியாக மீன் குழம்பு வாசனை வரும், சண்டை வரும், டிவிப் பாட்டு வரும். இப்போது என் பக்கத்திலிருந்து ராணிகள் போனார்கள்.

எனக்கு முதலில் புரியாத வார்த்தை அந்தப்புரம். ராணிகள் எல்லாம் சேர்ந்து இருக்கிற இடம் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் எனக்குத் தெரிந்தது லயம்தான். பத்து காம்பரா வரிசையாக, முன்னால் ஒரே குழாய், காலையில் எல்லா ராணியும் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தோடு நிற்கிறார்கள். மூத்த ராணிக்குக் கடைசிக் காம்பரா, ஏனென்றால் கடைசிக் காம்பராவுக்குத்தான் பக்கவாட்டில் தோட்டம் போட இடம் உண்டு. விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கூடி நிற்கிற மாதிரி எல்லாரும் வரிசையாக நிற்பார்கள், ராஜா வந்து பேர் கூப்பிட்டு இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று சொல்வார். இப்படி நினைத்துக்கொண்டே பல பக்கம் படித்துவிட்டேன். நன்றாகத்தான் பொருந்தி வந்தது.

ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போது ராஜா ஒரு சின்ன தேசத்துப் பெண்ணைச் சண்டை ஓயட்டும் என்பதற்காகக் கட்டிக்கொண்டு வந்தார் என்று வந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உம்" என்றது.

கொஞ்சம் கழித்து மறுபடியும், "உம்?"

"சுவரே," என்றேன் நான், "யாரு அது ஒட்டுக் கேக்கறது?"

"சுவரே, இவ்வளவு சத்தமாப் படிச்சா செத்தவங்களுக்கும் கேக்கும்னு சொல்லு. அந்தப் பொண்ணு அழுதாளா?"

"அது போடலை."

"அழுதிருப்பா. ஊரு தெரியாது, பாஷை தெரியாது. போய் எறங்கினப்ப எதிர்ல மூத்தவ நிப்பா. நெல்லை மட்டும் உள்ள எடுத்து வைப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த வரியைக் கூட்டினேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மத்தியானம் ஆனதும் அந்தப் பக்கம் பலகையை இழுத்துச் சுவரோரம் போடுகிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் நான் படிக்கிற கண்ணாடியைப் போடுவேன். நான் பட்டத்து ராணி பக்கம், அவள் இளைய ராணி பக்கம். பட்டத்து ராணி கோயிலுக்குத் தங்கத்தில் பூ செய்து கொடுத்தாள் என்று படித்தால், "அவளுக்கென்ன, சாவிக்கொத்து அவ இடுப்புல" என்பாள். இளைய ராணி ஒருத்தி குளம் வெட்டினாள் என்று வந்தால் அவளே வெட்டின மாதிரி, "பார்த்தீங்களா சேச்சி" என்பாள். மலையாளம் கலந்து பேசுகிற கூடலூர்ப் பக்கம் பிறந்ததால் அவளுக்கு அக்கா இல்லை, சேச்சிதான்.

புருஷன் போன பிறகு செங்கல் கோயிலையெல்லாம் கல் கோயிலாக மாற்றிக் கட்டின ஒரு ராணியைப் பற்றிப் படித்தபோது இரண்டு பேருமே அவள் பக்கம் சேர்ந்துகொண்டோம். புருஷனோடு தீயில் இறங்கினவர்களைப் பற்றி வந்த பக்கத்தில் நான் நிறுத்திவிட்டேன். "மதி, போதும் சேச்சி, அதைத் தள்ளிட்டுப் படிங்க" என்றாள். தள்ளிவிட்டேன்.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது ஆட்டு விஷயம். ராணிகள் கோயிலில் விளக்கு வைத்தார்களாம். அணையாத விளக்கு. அதற்குப் பணம் கொடுக்க மாட்டார்கள், ஆடு கொடுப்பார்கள். ஒரு விளக்குக்கு ஒரு மந்தை. இடையர் அதை வைத்துக்கொண்டு தினம் அளந்து நெய் கொடுக்க வேண்டும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டில் ஒரு பேர் வெட்டியிருக்கிறதாம். நான் அதைக் கூட்டி முடிக்க நேரமாகிவிட்டது. சாவா மூவாப் பேராடு.

"எந்தா? மறுபடியும் சொல்லுங்க."

"சாவா மூவாப் பேராடு. சாகாதாம், கெழடும் ஆகாதாம்."

"அப்படி ஒரு ஆடு எங்க ஊர்ச் சந்தையில வரவேயில்லையே!"

"ராணி குடுத்த ஆடுடி. சாதாரண ஆடா?"

"ராணி குடுத்தா மட்டும் நரி தின்னாதா?" அவள் சின்ன வயதில் ஆடு மேய்த்தவள். அப்புறம் சொன்னாள், "குட்டி போடுமில்ல சேச்சி? கெழடு போகும், குட்டி வரும். எண்ணிப் பார்த்தா மந்தை அப்படியே நிக்கும். அதைத்தான் சாகாதுன்னு வெட்டி வெச்சிருக்கான்."

மறுபக்கத்தைத் திருப்பினால் புத்தகத்திலும் அதுவேதான் போட்டிருந்தது. நான் அதைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். ரொம்ப ஏற்றிவிடக் கூடாது பாருங்கள்.

இதற்கு நடுவில் திருப்பூரிலிருந்து மகள் போன் மேல் போன். தகரத்துக்குக் கீழே எல்லாம் கேட்கும்.

"எப்பம்மா வர்றே? சாவி குடுக்கணுமில்ல?"

"இரு மோளே. இங்க ஒரு ராணிக்கு எட்டு மாசம். பெத்துப் பிழைச்சு எழட்டும், வர்றேன்."

"எந்த ராணி? மேல் லயத்துலயா?"

"மேல் லயத்துல இல்லை, நம்ம பெரியம்மா வீட்ல."

அவள் மகள் பயந்துபோய் என் மகனுக்குப் போன் செய்திருக்கிறாள், பெரியம்மா வீட்டில் யாருக்கு எட்டு மாசம் என்று. என் மருமகள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானும் வேண்டுமென்றே மெதுவாகத்தான் படித்தேன். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, எழுத்து சரியில்லை என்று சொல்லி மறுநாள் அதையே படிப்பேன். அவளுக்கும் தெரியும். "இது நேத்து வந்ததாச்சே" என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனாலும் புத்தகம் மெலிந்துகொண்டே வந்தது. வலது கைப்பக்கம் வெற்றிலைக்கட்டு அளவுக்கு ஆகிவிட்டது. சாவி கொடுக்க வேண்டிய மாசமும் முடியப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் ஜீப் எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று முடிவாகிவிட்டது.

அந்த வாரம் சேரம்பாடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. என் தொண்டை கட்டிக்கொண்டது. சாதாரணமாக இல்லை, வாயைத் திறந்தால் வெறும் காற்று. கடைசிக் கதையில் இரண்டு ராணிகள் நிற்கிறார்கள், ராஜா போருக்குப் போயிருக்கிறார். அந்த இடத்தில் என் குரல் போய்விட்டது.

மத்தியானம் பலகையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நான் புத்தகத்தை எடுத்து வாயசைத்தேன். சுவரேறிப் போகிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை.

"சுவரே, ஏன் இன்னும் ஆரம்பிக்கலை?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அதுவும் வரவில்லை.

"சேச்சி?"

கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினேன். உயிரோடு இருக்கிறேன் என்று தெரியட்டும் என்பதற்காக. அது அவளுக்கு என்னமாய்க் கேட்டதோ, பலகை தடாலென்று விழுந்தது, கதவு திறந்தது, அவள் என் வாசலில் நின்றாள். அத்தனை வருஷத்தில் கல்யாணம், சாவு தவிர அவள் என் நிலைப்படி தாண்டினதில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் அவளை நேராகப் பார்த்ததும் அப்போதுதான். தலை முழுக்க வெளுத்திருந்தது. என் மங்கல் கண்ணுக்கு அவள் இத்தனை நாளும் நெல் மூட்டையோடு வந்த பெண்ணாகவே இருந்திருக்கிறாள்.

"என்னாச்சு?" என்றாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவள் போனாள். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கிற வரை நின்றாள். அப்புறம் மெதுவாக, "அந்த ரெண்டு பேரு என்ன ஆனாங்க?" என்றாள்.

நான் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதோடு காதாக, காற்றுக் குரலில், எழுத்து எழுத்தாகப் படித்தேன். அவள் என் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா போரிலிருந்து திரும்பி வரவில்லை. அப்புறம் அந்த ராணிகள் என்ன பேசினார்கள், என்ன சண்டை போட்டார்கள் என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒரே கோயிலில், ஒரே சுவரில், மூத்தவள் வைத்த விளக்கையும் இளையவள் வைத்த விளக்கையும் அடுத்தடுத்து வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஆடு கொடுத்திருக்கிறார்கள். அதோடு புத்தகம் முடிந்தது.

"சண்டையைப் பத்தி ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"சண்டை போட்டிருப்பாங்க. அத்தனையும் வெட்டினா கல்லு வெட்டறவனுக்குக் கூலி கட்டியிருக்காது." சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கி மூடி, அட்டையில் இருந்த ராணியின் பேசரியைப் பெருவிரலால் துடைத்தாள். "சரி சேச்சி. கதை முடிஞ்சுது. நான் போய்ச் சாமான் கட்டறேன்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். குரல் இல்லை என்று ஒரு சாக்கு இருந்தது. சனிக்கிழமை முழுக்க அந்தப் பக்கம் பாத்திரம் மோதுகிற சத்தம். பலகை மட்டும் இழுபடவில்லை. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்துவிட்டாள். ஜீப் கீழே ரோட்டில் நிற்கிறது. லயத்தில் எல்லாரும் வாசலில் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். அவள் குனிந்து ஒரு சாக்குப் பையின் வாயைக் கட்டுகிறாள், முடிச்சு விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். மலையில் பின்தங்கினால் அவளுக்கு முதுகு இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்தால் என் கால் நிற்காது. எத்தனை வருஷப் பழக்கம். மேல் முனைக்குப் போய் எதிரே எடுத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வாய் எதற்கு?

நான் நேரே அவள் வீட்டுக்குள் போனேன். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியில் முறைத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரைக் கழற்றினேன்.

"பெரியம்மா! விழுந்துடப் போறீங்க!" என்று மகள் ஓடிவந்தாள்.

நான் யாரையும் பார்க்கவில்லை. போட்டோவை முந்தானைக்குள் மழை படாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, என் வீட்டுக்குப் போய், சிரிக்கிறவர் பக்கத்தில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலிருந்து காலண்டரை எடுத்துவிட்டு, முறைக்கிறவரை மாட்டினேன். கொஞ்சம் கோணல். பரவாயில்லை. அடுத்த நடைக்குத் திரும்பினேன்.

அவள் எதிரே வந்துகொண்டிருந்தாள். தலையில் பாய்ச்சுருள், இடுப்பில் சோற்றுப்பானை. குழாயடியில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். நான் பானையை வாங்கிக்கொண்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

"அம்மா, ஜீப் கீழ நிக்குது!" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள்.

"நிக்கட்டும். டிரைவருக்கு ஒரு பிளேன்டீ குடுத்து அனுப்பு."

"அப்ப திருப்பூருக்கு?"

"எப்படி மோளே வர்றது? பெரியம்மாவுக்குத் தொண்டை இல்லை. அவங்க சொல்றதை யாராச்சும் பக்கத்துல உக்கார்ந்துதானே கேக்கணும்?"

லயமே சிரித்தது. மகளுக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மனசுக்குள் அவளுக்கும் நிம்மதிதான் என்று முகத்தில் தெரிந்தது. என் மகன் போய் அவள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கே போடுவது என்று அவன் கேட்கக்கூட இல்லை. ஜீப்காரர் டீ குடித்துவிட்டு, வந்ததற்கு லாபமாக மகளை மட்டும் சேரம்பாடி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார்.

இப்போது ஒரே அறையில் இரண்டு கட்டில். சுவர் இல்லாததால் சண்டையெல்லாம் நேருக்கு நேர். காலையில் அவள் பிளேன்டீ போட்டால் சர்க்கரை அதிகம் என்பேன், நான் போட்டால் சாயம் போதாது என்பாள். சுவரில் ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் முறைக்கிறார். முழங்கால் வலிக்கிறது என்று நான் முனகினால், "ஏய் சாவா மூவாப் பேராடே, எழுந்திரி" என்கிறாள். மரியாதை போய்விட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

தொண்டை சரியான பிறகு அதே புத்தகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை அவள் பட்டத்து ராணி பக்கம், என்னைச் சீண்டுவதற்காகத்தான். நானும் விடாமல் இளைய ராணி பக்கம் நின்று பேசுகிறேன். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடம் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறது.

காலிக் காம்பராவில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. ஜார்க்கண்ட் பக்கம். சின்னப் பெண், கைக்குழந்தை. தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. நேற்று மத்தியானம், இளைய ராணியை ராஜா கட்டிக்கொண்டு வருகிற அந்த இடத்தில் மூச்சு வாங்க நான் நிறுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உம்" என்றது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். அவள் என் விலாவில் இடித்தாள். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.